பயணத்துக்குக் கையடக்கமான மரக்குழல்: எதைப் பார்த்து வாங்குவது?

வடலிக்காற்று

எல்லோருக்கும் வணக்கம். நில அளவை வேலையில் இருக்கிறேன். கிழமையில் பாதி நாள் மன்னார், முல்லைத்தீவு, வவுனியா என்று பஸ்ஸில் அலைச்சல். இரவில் வேலைத்தள விடுதியில் தங்கல். வட இலங்கைச் சங்கீத சபையின் நான்காம் தரம் வரை புல்லாங்குழல் படித்தேன். இப்போது கையில் இருப்பது இரண்டரைக் கட்டைச் சுருதிக்கு உரிய மூங்கில் குழல். அது எந்தப் பையிலும் அடங்காது. குறுக்காகச் செருகிக்கொண்டு போனதில் ஊதுதுளையில் இருந்து நீளவாக்கில் வெடித்துவிட்டது.

பயணத்துக்கென்று தனியாக ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கையால் செய்த மரக்கருவியாக இருக்க வேண்டும், முதுகுப்பைக்குள் அடங்க வேண்டும். மார்கழியில் அக்கா வீட்டுக்கு, ரொறன்ரோவுக்குப் போகிறேன். அங்கும் கூடவே வர வேண்டும். அறுபதாயிரம் ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். இணையத்தில் தேடினால் ஒரு சாண் நீளச் சட்டைப்பைக் குழல், உள்ளங்கைக்குள் அடங்கும் குடுவைக் குழலான ஒக்கரீனா, மூன்று துண்டாகக் கழலும் ரெக்கார்டர் குழல், பெட்டி வடிவில் ஒரு டிஜெரிடூ என்று வந்துகொண்டே இருக்கின்றன. படங்கள் எல்லாம் அழகு. ஊதிப் பார்க்காமல் எதை நம்பி வாங்குவது? அனுபவம் உள்ளவர்கள் வழி காட்ட வேண்டும்.

மருதனார்மடத்துக் குழல்

தங்கச்சி, நீளம், மரம், விலை மூன்றையும் சொல்லிவிட்டீர்கள். என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்பதைச் சொல்லவில்லை. தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

வர்ணமும் கீர்த்தனையும் வாசித்துப் பழகிய விரல்கள் உங்களுடையவை. சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்குத் துளை திறந்திருக்க வேண்டும். விரலின் சதை துளையின் விளிம்பில் உருண்டு, பாதி மூடி, மெல்ல விலகும்போதுதான் காந்தாரம் அசையும். பிக்கோலோ என்ற மேற்கத்தியச் சிறு குழல் மரத்தில் வருகிறது, இரண்டாகக் கழல்கிறது, 32 செ.மீ தான் நீளம். ஆனால் விசைகள் துளையை ஒன்றில் மூடும், அல்லது திறக்கும், நடுவில் நிற்காது. அதில் தோடி ராகத்தை வாசிக்க முயன்றால் வேதனைதான் மிஞ்சும்.

குழல் கச்சேரி மேடைக்கு வந்த கதையை நினைத்துப் பாருங்கள். கும்பகோணம் சரப சாஸ்திரி 1904இல் தமது முப்பத்திரண்டாவது வயதில் மறைவதற்குள், தனிக்கச்சேரிக்கு உரிய வாத்தியமாக அதை ஆக்கிவிட்டுப் போனார். பின்னால் வந்த மாலி (டி. ஆர். மகாலிங்கம், 1926–1986) விரல் வைக்கும் முறையையே மாற்றி, வாய்ப்பாட்டின் குழைவைக் குழலில் வரவழைத்தார். அவ்வளவும் ஒரு விசைகூட இல்லாத, வெறும் துளைகள் கொண்ட குழாயில் நடந்தது. பயணத்தில் அந்தச் சங்கீதம்தான் உங்களுக்குத் துணை என்றால், எட்டுத் துளைக் கர்நாடகக் குழலை விட்டு வேறெதையும் தேட வேண்டாம். மரத்தில் செய்ததா மூங்கிலில் செய்ததா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

சங்கீதப்பித்தன்

வேறொரு பக்கமும் இருக்கிறது, ஐயா. வேலை முடிந்து களைத்து வந்த இரவில் எல்லோரும் தோடி வாசிக்க வேண்டும் என்றில்லை.

வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் மரக்குழல் வகையில் சிறியவற்றைப் பலர் கையால் செய்து விற்கிறார்கள். நெடுக்காகப் பிடித்து ஊதுவது. உள்ளே இரண்டு அறைகள். மேலே தோல் வாரால் கட்டிய ஒரு சிறு கட்டை காற்றை விளிம்புக்குத் திருப்பிவிடும். உதட்டை இப்படி வை, அப்படி வை என்ற பாடமே கிடையாது. பெரும்பாலானவற்றில் இயல்பாக வரும் ஐந்து சுரங்கள் நம்முடைய சுத்த தன்யாசியின் சுரங்கள்: ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். முதல் மூச்சிலேயே ராகம் கைக்கு வந்துவிடும். தேவதாரு வகை மரத்தில் செய்ததாக இருந்தால் வாசனையும் சேர்ந்து வரும். என்னிடம் ஒன்று இருக்கிறது. யாழ்தேவியில் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் பையில் அதுதான்.

மருதனார்மடத்துக் குழல்

தம்பி, அதன் இனிமையில் எனக்கு ஐயம் இல்லை. ஒரு ஸ்தாயிக்குச் சற்றே மேலே போனதும் அது நின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு அதைத் தயங்காமல் வாங்கிக் கொடுப்பேன். இவர் நான்காம் தரம் வரை வந்தவர். மத்யமாவதி வேண்டும், கல்யாணி வேண்டும் என்று மனம் கேட்கும். அப்போது கையில் இருப்பது இடம் கொடுக்க வேண்டாமா?

மெல்பேர்ன் ஒத்து

பெட்டி டிஜெரிடூவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊரில் நாதசுவரம் படித்து இங்கே வந்தவன் நான். டிஜெரிடூ அவுஸ்திரேலியப் பழங்குடி மக்களின் கருவி. வட அவுஸ்திரேலியாவில் ஆர்ணெம் நிலப்பகுதியின் யொல்ங்கு மக்கள் அதை யிடாக்கி என்பார்கள். கறையான் அரித்து உள்ளே கோறையான யூக்கலிப்டஸ் மரத்தைத் தேடி வெட்டிச் செய்வது. ஆள் உயரம் இருக்கும். பயணப் பெட்டி வகையில் அதே நீளக் காற்றுப்பாதையை ஒரு மரப்பெட்டிக்குள் மடித்து மடித்து வைத்திருக்கிறார்கள். ஆதாரமான ஒலி ஒன்றுதான். நம்முடைய மேளத்தில் சுருதிக்காக ஒத்து ஊதுபவர் மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே கன்னத்துக் காற்றை விடாமல் வெளியே தள்ளுவாரே, அதே மூச்சுப் பயிற்சி இதற்கும் வேண்டும். 2006இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது: குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் உள்ள 25 பேரில் ஒரு பகுதியினரை நான்கு மாதம் இதை ஊத வைத்தபோது, அவர்களுடைய பகல் தூக்கக் கலக்கம் குறைந்தது. மூச்சுக்கு நல்ல கருவி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் தங்கச்சிக்கு இதைச் சொல்ல மாட்டேன். ராகம் வாசிக்க முடியாது. மடிப்புப் பாதைக்குள் துணி விட்டுத் துடைக்கவும் முடியாது. யாழ்ப்பாணத்து மாரியில் அந்த ஈரம் உள்ளேயே கிடந்து பூஞ்சணம் பிடிக்கும்.

அலைநீளம்

உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன், குழலும் வாசிப்பேன். வாங்குவதற்கு முன் விளங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

இரண்டு பக்கமும் திறந்த குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு உச்சமாக ஒலிக்கும். கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதி ஏறும். ஒரே துண்டான ஐந்து கட்டைக் குழல் ஏறத்தாழ ஒன்றேகால் அடி. அது பைக்குள் அடங்கும். ஆனால் விடுதியின் மெல்லிய சுவருக்கு அப்பால் தூங்குகிறவருக்கு அதன் மேல் ஸ்தாயி ஊசி குத்துவதாக இருக்கும். சட்டைப்பைக் குழல் இன்னும் கூர்மையாக ஒலிக்கும். “கையடக்கம்” என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை கீச்சென்று ஒலிப்பதற்குக் காரணம் இதுதான். செய்தவரின் கைவண்ணத்தில் குறை இல்லை.

இதில் இருந்து தப்ப வழிகள் உண்டு. ஒக்கரீனாவில் காற்று குழாயாக நிற்பதில்லை. ஒரு குடுவைக்குள் மொத்தமாக அதிர்கிறது. துளை எங்கே இருக்கிறது என்பது அங்கே பெரிதல்ல. மொத்தம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே சுரத்தைத் தீர்மானிக்கும். ஆகவே உள்ளங்கை அளவிலேயே தாழ்ந்த சுரம் கிடைக்கும். இத்தாலியின் புட்ரியோ ஊரில் ஜுசெப்பே டொனாட்டி 1853இல் இன்றைய வடிவத்தைக் கொடுத்தபோது களிமண்ணில்தான் செய்தார். மரத்திலும் இப்போது செய்கிறார்கள். குறை என்னவென்றால், பலமாக ஊதினால் மேல் ஸ்தாயிக்குத் தாவாது. பன்னிரண்டு துளை வைத்தாலும் ஒன்றரை ஸ்தாயி தாண்டுவது கடினம். மூச்சு சற்றுத் தளர்ந்தால் சுரம் இறங்கும், கூடினால் ஏறும்.

நாணல் நாக்குப் பொருத்திய நேரான குழாய் இன்னொரு வழி. ஒரு பக்கம் மூடியதுபோல் நடந்துகொள்வதால், அதே நீளக் குழலைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். கிளாரினெட்டின் மூதாதையான ஷாலுமோ அப்படித்தான். ஆனால் மேலே தாவும்போது பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவும். விரல் வைக்கும் முறையைப் புதிதாகப் படிக்க வேண்டும். நாக்கும் உடையும்.

மூன்றாவது வழிதான் என் மனதுக்குப் பிடித்தது: குழலைக் குட்டையாக்காமல், கழற்றக்கூடியதாக ஆக்குவது. மூன்று கட்டைக் குழல் முழு நீளம் ஒன்றரை அடி அளவில் வரும். ஊதுதுளைக்கும் முதல் விரல்துளைக்கும் நடுவே பொருத்து வைத்து இரண்டாகச் செய்தால், நீளமான துண்டு பள்ளிக்கூட அடிமட்டம் அளவுதான். ஒரே துண்டான ஐந்து கட்டைக் குழலைவிடக் குறைந்த இடம் எடுக்கும். ஒலியோ அதைவிடத் தாழ்ந்தது, கனிந்தது.

வடலிக்காற்று

அலைநீளம் ஐயாவின் பதிவை மூன்று தரம் படித்துவிட்டேன். கழற்றக்கூடிய குழல் என்ற எண்ணமே எனக்கு வந்திருக்கவில்லை. வாசிக்க விரும்புவது கர்நாடக இசைதான் என்பதையும் மருதனார்மடத்து ஐயாவுக்குச் சொல்லிவிடுகிறேன்.

இனி மரத்தைப் பற்றிக் கேட்கலாமா? கருங்காலியில் செய்தால் நாதம் ஆழமாக இருக்கும் என்று விற்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். இங்கே தச்சரிடம் சொல்லிச் செய்விக்கவும் முடியுமா?

கடைசற்பட்டறை

மூன்று தலைமுறையாகக் கடைசல் வேலை செய்யும் குடும்பம். கட்டில் கால், தூண், கோயில் வாகன உறுப்பு எல்லாம் கடைந்திருக்கிறோம். மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தங்கச்சி.

கருங்காலியை மறந்துவிடுங்கள். இலங்கையில் அதை வெட்டத் தடை இருக்கிறது. கருங்காலி என்று சந்தையில் வருவதில் சாயம் ஏற்றிய மரமும் உண்டு. ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்தால் துணி கறுக்கும். முதிரை எங்கள் ஊர்க் கதவுகளுக்கு அரசன். ஆனால் அதன் தூள் பட்டால் சிலருக்குத் தோல் தடித்துச் சிவக்கும். நாளெல்லாம் கடைபவனுக்கு அது தெரியும். உதட்டில் வைக்கும் பொருளுக்கு முதிரை வேண்டாம். ஈட்டியும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எந்த மரம் என்றாலும் செய்பவரிடம் ஒரு சிறு சீவல் கேட்டு வாங்கி, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துக் கட்டிப் பாருங்கள்.

மரத்தின் பெயரைவிட அது எவ்வளவு காலம் காய்ந்தது என்பதே பெரிது. தஞ்சாவூர்ப் பக்கம் நரசிங்கம்பேட்டையில் நாதசுவரம் செய்பவர்கள் புதிதாக வெட்டிய ஆச்சா மரத்தைத் தொட மாட்டார்கள். பழைய வீடுகளில் இருந்து கழற்றிய உத்தரத்தையும் தூணையும் தேடி வாங்குவார்கள். அந்த நாதசுவரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பல காலம் வீட்டைத் தாங்கி நின்ற மரம் இனிமேல் சுருங்குவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. நல்ல கைவினைஞர் மரத்தைத் துளைத்து, முரடாகக் கடைந்து, மாதக்கணக்கில் சும்மா போட்டு வைத்து, அது திருகிக்கொள்வதைத் திருகிக்கொள்ள விட்டு, பிறகுதான் கடைசி அளவுக்குக் கொண்டுவருவார். “எத்தனை நாளில் செய்து தருவீர்கள்?” என்று கேளுங்கள். ஒரு கிழமை என்று பதில் வந்தால், காய்ந்த துளைக்கட்டை கைவசம் இருக்கிறதா என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

மரக்குழல் வெடிப்பது எப்படி என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஊதும்போது உட்சுவர் மூச்சின் ஈரத்தைக் குடித்து உப்புகிறது. வெளிச்சுவர் காய்ந்தே இருக்கிறது. உள்ளே தள்ள, வெளியே இழுக்க, எங்கே வலுக் குறைவோ அங்கே பிளக்கிறது. ஊதுதுளை வெட்டிய இடம்தான் வலுக் குறைந்த இடம். உங்கள் மூங்கில் குழல் அங்கே தொடங்கி வெடித்ததும் அதனால்தான்.

இரண்டாகக் கழலும் குழலில் சிலர் தலைத்துண்டு முழுவதற்கும் உள்ளே பித்தளைக் குழாய் விட்டிருப்பார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும். குளிர்நாட்டு வறட்சியில் மரம் சுருங்கப் பார்க்கும், பித்தளை இடம் கொடாது, மரம்தான் பிளக்கும். ஐரோப்பாவின் பழைய மரப்புல்லாங்குழல்களில் தலைத்துண்டு வெடித்திருப்பதற்கு இது பெரிய காரணம். பொருத்து இருக்கும் இடத்தில் மட்டும் குட்டைப் பித்தளை வளையம், மற்ற இடம் வெறும் மரம் என்று கேளுங்கள்.

இங்கே தச்சர் செய்வாரா என்றால், துளையிட்டுக் கடைந்து தர நானே முடியும். சுருதி சேர்த்துத் தர முடியாது. அது குழல் செய்பவரின் கை.

கொக்குவில் மாணவி

அக்கா, பாடசாலையில் நாங்கள் ரெக்கார்டர் வாசிக்கிறோம். மரத்திலும் வருகிறது, கழற்றலாம், விசையும் இல்லை. அது ஏன் சரிவராது?

மருதனார்மடத்துக் குழல்

நல்ல கேள்வி, பிள்ளை. ரெக்கார்டரில் காற்று ஒரு குறுகிய பாதையால் போய் விளிம்பில் மோதுகிறது. அந்தப் பாதை மாறாது. நம்முடைய குழலில் அந்தப் பாதை உதடுதான். உதட்டை உருட்டினால் சுரம் வளையும், நாதம் கனக்கும், மெலியும். ரெக்கார்டரில் அந்த வேலை முழுவதும் மூச்சின் தலையில் விழுகிறது. ஐரோப்பிய இசைக்கு அருமையான வாத்தியம். உனக்கு அது பிடித்திருந்தால் விடாமல் வாசி.

ஸ்காபரோப் பனி

பனிக்காலத்தில் இங்கே வீட்டுக்குள் சூடேற்றி ஓடத் தொடங்கினால் ஈரப்பதன் முப்பது வீதத்துக்குக் கீழே போய்விடும். யாழ்ப்பாணத்தில் எண்பதை ஒட்டி இருந்த மரம் ஒரே நாளில் இங்கே வந்து இறங்குகிறது. விமானத்துக்குள் இருபதுக்கும் கீழே. ஆகவே இறங்கிய கையோடு ஊதத் தொடங்க வேண்டாம். காற்றுப் புகாத பெட்டியில், ஈரப்பதனைக் காக்கும் சிறு பொதி ஒன்றோடு வைத்து, பெட்டியைத் திறக்காமலே அறைச் சூட்டுக்கு வர விடுங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சநேரம் மட்டும் ஊதி, உடனே துடைத்து, திரும்பப் பெட்டிக்குள் வையுங்கள்.

ஊரில் எல்லோரும் குழலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவோம். அது 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். இங்கே மரத்துக்குள் இறங்காமல் மேலே வெள்ளையாகப் படிந்து நிற்கும். பாதாம் எண்ணெய் உறையாது. மரக்கருவி வாசிப்பவர்கள் பலர் அதைத்தான் பூசுகிறார்கள்.

பயணப் பத்திரமும் முக்கியம். ஈட்டி, ஆபிரிக்கக் கரும்மரம் முதலியவை டல்பெர்ஜியா என்ற ஒரே பேரினம். 2017 ஜனவரி 2 முதல் அந்தப் பேரினம் முழுவதையும், அருகிவரும் உயிரினங்களின் நாடுகளுக்கு இடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இசைக்காரர்கள் பெரும் பாடு பட்டார்கள். 2019 நவம்பர் 26 முதல் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. பிரேசில் ஈட்டிக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அது மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கிறது. செஞ்சந்தனத்தில் செய்தது என்று யாராவது காட்டினால் வாங்கவே வேண்டாம். இந்தியா அதில் கடும் கண்டிப்பு. எந்த மரம் என்று எழுதிய பற்றுச்சீட்டைக் குழலோடு வைத்திருங்கள். பையைச் சோதிக்கும் இடத்தில் தனியே எடுத்துக் காட்டினால் கேள்வி குறையும்.

மெல்பேர்ன் ஒத்து

அவுஸ்திரேலியா வருகிறவர்களுக்கு ஒரு வரி. மரமோ மூங்கிலோ, உள்வரவு அட்டையில் கட்டாயம் குறிப்பிடுங்கள். பட்டை ஒட்டியிருந்தாலோ உளுத்த துளை தெரிந்தாலோ பிடித்து வைத்துவிடுவார்கள்.

அலைநீளம்

ஸ்காபரோ நண்பர் சொன்னதோடு இன்னொன்றும் இருக்கிறது. இங்கே 30 பாகையில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர். 20 பாகை அறையில் 343. குழல் அதே விகிதத்தில் இறங்கும். அரைச்சுரத்தை நூறு பங்காக வைத்தால் கிட்டத்தட்ட முப்பது பங்கு இறக்கம். மூச்சின் சூடு கொஞ்சம் ஈடு செய்யும், முழுவதும் செய்யாது. மின்சுருதிப் பெட்டியோ குளிருக்கு அசையாது. யாழ்ப்பாணத்தில் நூல் பிடித்தாற்போல் சேர்ந்திருந்த குழல் ரொறன்ரோவில் சுருதியோடு உரசும்.

இரண்டு துண்டுக் குழலின் பெரிய நன்மை இங்கேதான். பொருத்தை உள்ளே தள்ளினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். மூன்று கட்டைக் குழலில் முப்பது பங்குக்குத் தேவையான தூரம் ஆறு மில்லிமீற்றர்தான். ஆனால் முழுவதும் உள்ளே தள்ளிய நிலையில் சரியாகச் சுருதி சேர்த்துக் கொடுத்துவிட்டால், குளிரில் மேலும் உள்ளே தள்ள இடமே இருக்காது. ஆகவே செய்பவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: “நம் ஊர் வெப்பத்தில், பொருத்து ஏழெட்டு மில்லிமீற்றர் வெளியே நிற்கும்போது மூன்று கட்டைக்குச் சேர வேண்டும்.” ஊதுதுளைக்குக் கிட்ட உள்ள துளைகள் நீள மாற்றத்தை அதிகமாக உணரும். அதனால் தள்ளும்போது மேற்சுரங்கள் சற்றுக் கூடுதலாக ஏறும். அதை உதடு பார்த்துக்கொள்ளும்.

மரத்தின் நாதம் பற்றி: ஜோன் கோல்ட்மன் என்பவர் 1971இல் ஒரே அளவில் வெள்ளி, செம்பு, மரம் என்று குழல்கள் செய்து, எது எது என்று தெரியாமல் கேட்க வைத்தார். கேட்டவர்களால் வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை. உள்விட்டம், துளையின் விளிம்பு, சுவரின் வழுவழுப்பு, இவைதான் நாதம்.

மருதனார்மடத்துக் குழல்

சோதனையை மதிக்கிறேன், ஐயா. ஆனாலும் கையில் பிடிக்கும் பாரமும் உதட்டில் படும் இதமும் வாசிப்பவரை மாற்றும். வாசிப்பவர் மாறினால் நாதமும் மாறும். நல்ல மரத்துக்காகக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் எனக்கு வருத்தம் இல்லை.

மட்டுறுத்துநர்

கடைப் பெயர், கைப்பேசி எண் கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தனிமடலில் பேசிக்கொள்ளுங்கள்.

சங்கீதப்பித்தன்

வாங்கும் முறையைப் பற்றி ஒன்று. 432 ஹெர்ட்ஸ் என்று எழுதி, உடலைக் குணப்படுத்தும் என்று விற்கிறார்கள். அது சாதாரண 440ஐ விட அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறக்கம். தனியே ஊத அழகாக இருக்கும். சுருதிப் பெட்டியோடும் இன்னொரு வாத்தியத்தோடும் சேராது. நோய் தீரும் என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். வெளிநாட்டில் இருந்து தபாலில் எடுப்பவர்கள் 18 வீத வற் வரியையும் சுங்கத் தீர்வையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மருதனார்மடத்துக் குழல்

நேரில் ஊதிப் பார்க்க முடியாவிட்டால் காணொளி கேளுங்கள். எதிரொலி சேர்க்காமல், மிருதங்கம் இல்லாமல், சுருதி மட்டும் ஓட, மந்தர பஞ்சமத்தில் இருந்து தாரஸ்தாயி பஞ்சமம் வரை ஒவ்வொரு சுரத்திலும் நின்று வாசிக்கச் சொல்லுங்கள். மத்திய சட்ஜமமும் தார சட்ஜமமும் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றனவா என்று கேளுங்கள். கரையாவிட்டால் உள்ளே இருக்கும் அடைப்பின் இடம் சரியில்லை, அல்லது உள்விட்டம் சரியில்லை. அடைப்பை நகர்த்தலாம், விட்டத்தை மாற்ற முடியாது. பிறகு அந்தர காந்தாரத்தில் நிற்கச் சொல்லுங்கள். சுருதியோடு அது இழையும்போது காதுக்கே தெரியும். ஊதுதுளையைக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்றும் வேண்டும். காற்று மோதும் விளிம்பு பிசிறில்லாமல் கூர்மையாக இருக்க வேண்டும். விரல்துளைகளின் இடைவெளியை உங்கள் கையில் அளந்து அனுப்புங்கள். கையால் செய்கிற ஒருவரிடம் வாங்குவதன் முழுப் பயன் அதுதான். ஆலைக் குழல் உங்கள் கையைப் பார்த்துத் துளையை நகர்த்தாது.

வடலிக்காற்று

எல்லோருக்கும் நன்றி. குழல் வந்துவிட்டது. அதனால் விவரமாக எழுதுகிறேன். பிறகு தேடி வருபவர்களுக்கும் உதவும்.

தமிழ்நாட்டில் தனியாகக் குழல் செய்யும் ஒருவரிடம் சொல்லிச் செய்வித்தேன். மூன்று கட்டை, எட்டுத் துளை, இரண்டு துண்டு. பழைய மரத்தில் கழித்த ஈட்டித் துண்டு அவரிடம் இருந்தது. சீவலை அனுப்பச் சொல்லி மணிக்கட்டில் கட்டிப் பார்த்தேன். தோல் ஒன்றும் செய்யவில்லை. முழுப் பித்தளைக் குழாய் வேண்டாம், பொருத்தில் மட்டும் வளையம் போதும் என்று சொன்னதும் அவர் மகிழ்ந்துபோனார். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவாம். வலது கையின் மோதிர விரல் எட்டுவது எனக்குக் கடினம் என்று அளவு அனுப்பியிருந்தேன். அந்தத் துளையை நடுக்கோட்டில் இருந்து சற்றே என் பக்கம் இறக்கி வெட்டியிருக்கிறார். காங்கேசன்துறையில் இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலில் போன மச்சான், நேரில் போய்ப் பார்த்து எடுத்து வந்தார். ஒதுக்கிய பணத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது.

மதிய வெயிலில் சுருதிப் பெட்டியோடு வைத்துப் பார்த்தேன். பொருத்து ஏழு மில்லிமீற்றர் வெளியே நிற்கும்போது சேர்கிறது. வளையத்துக்குச் சற்று மேலே மரத்தில் மெல்லிய கோடு ஒன்று கீறி அனுப்பியிருக்கிறார், “இது உங்கள் ஊர்” என்று ஒரு துண்டுக் காகிதத்தோடு. முல்லைத்தீவு விடுதியில் இரவு வாசித்தேன். பக்கத்து அறை அலுவலர் காலையில் ஹம்சத்வனியைப் பற்றி விசாரித்தார், முறைப்பாடு இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். பொருத்தில் சுற்றியிருக்கும் நூல் இறுக்கமாக இருக்கிறது. கழற்றச் சிரமப்படுகிறேன். மெழுகு தடவலாமா?

கடைசற்பட்டறை

தடவுங்கள், தேன்மெழுகு. எண்ணெய் வேண்டாம், நூல் ஊறி உப்பும். முறுக்கிக் கழற்றும்போது விரல்துளைகள் உள்ள இடத்தைப் பிடிக்காமல் வளையத்தை ஒட்டிப் பிடியுங்கள். மாரி தொடங்கியதும் இன்னும் இறுகும். அப்போது நூலில் இரண்டு சுற்றைக் கழற்றிவிடுங்கள். வெட்டி எறிய வேண்டாம், ரொறன்ரோவில் திரும்பச் சுற்ற வேண்டிவரும்.